தலைமை கடலூரில், தண்ணீர் சிதம்பரத்தில்

எனக்கு நீச்சல் தெரியாது. மாவட்ட அமெச்சூர் நீச்சல் சங்கத்தின் செயற்குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை நான். வீடு செம்மண்டலத்தில். சங்கத்தின் தலைவர் ஊருக்குள் துணிக்கடை வைத்திருக்கிறார். செயற்குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மாநிலச் சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். புடவைக்கு ஃபால்ஸ் வாங்கப் போனவளைப் பிடித்து உறுப்பினர் ஆக்கிவிட்டார். "நீங்க தண்ணியில எறங்க வேணாம் டீச்சர், கரையில நின்னா போதும்" என்றார். நின்றேன். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது சங்கத்தின் வரலாற்றை விழா மலரில் போட எழுதித் தரச் சொல்லி இரண்டு தரப்பும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆம், இரண்டு தரப்பு. இரண்டு மலர். இரண்டு பேருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் கேட்கிற வரலாறு வேறு, எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. எனக்குத் தெரிந்ததை எந்த மலரிலும் போட மாட்டார்கள்.

சங்கத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு நண்பர்கள். சின்ன வயதில் கெடிலம் ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் பாலத்திலிருந்து குதித்து வீட்டில் அடி வாங்கியவர்கள். ஒருவர் கடலூரிலேயே துணிக்கடை வைத்தார். இன்னொருவர் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். சொந்தக்காரர்கள் இல்லை, ஆனாலும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் போட்டியை ஓர் ஏரியில் நடத்தினார்களாம். வலையில் கட்டுகிற மிதவைகளைக் கயிற்றில் கோத்து லேன் பிரித்தார்கள். மூன்றாவது லேனில் எருமை இறங்கிவிட்டது. எருமையைக் கரையேற்றி முடிப்பதற்குள் நீந்த வந்த பையன்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தக் கதையை இருவரும் சேர்ந்து சொல்லும்போது கேட்க வேண்டும். ஒருவர் எருமையாக நடிப்பார், மற்றவர் ஸ்டார்ட்டராக விசில் ஊதுவார். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் சிதம்பரத்துக்காரர் தன் பள்ளியிலேயே ஒரு நீச்சல் குளம் கட்டினார். சின்னக் குளம்தான், இருபத்தைந்து மீட்டர். கடலூரில் எங்கள் சங்கத்துக்கென்று குளம் கிடையாது. ஆனால் மாவட்டத் தலைநகரம் கடலூர், அதனால் தலைவர் பதவி துணிக்கடைக்காரருக்கு. குளத்துக்காரர் துணைத் தலைவர். தலைமை கடலூரில், தண்ணீர் சிதம்பரத்தில் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். சனி ஞாயிறுகளில் கடலூர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறுவது என் வேலை. திரும்பி வரும்போது பஸ் முழுக்க குளோரின் நாற்றமும் எலுமிச்சைச் சோறு வாசனையும் அடிக்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் முறைப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். எங்கள் பள்ளியில்தான் படித்தாள். கடல் பக்கத்தில் பிறந்த பெண் என்றால் பிறக்கும்போதே நீந்துவாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளை யார் கடலில் இறக்குகிறார்கள்? இவள் தம்பிகளோடு அடம்பிடித்து இறங்கிக் கற்றுக்கொண்டவள். குளத்தில் முதல் முறை நீந்தியபோது நாலு கை போட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி நாலு கை, மறுபடி தலை. எதற்கு என்று கேட்டேன். "அலை வருதான்னு பாக்கறேன் மிஸ்" என்றாள். குளத்தில் அலை வராது என்று அவள் உடம்புக்குப் புரியவைக்கவே ஒரு கோடை போயிற்று. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க மாவட்டத்தில் ஆள் இல்லை.

அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கடல்ல வுழுந்தா கரை சேந்தா போதும் டீச்சர் எங்களுக்கு. யாரு மொதல்ல வந்தான், யாரு ரெண்டாவது வந்தான்னு எவன் பாக்கறான்?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் நேராக விஷயத்துக்கு வந்தேன். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சென்னையில் ஒரு கல்லூரி விளையாட்டுக் கோட்டாவில் சேர்த்துக்கொள்ளும், ஹாஸ்டலும் அவர்களே கொடுத்துவிடுவார்கள் என்றேன். அவர் வலையை ஓரமாகத் தள்ளிவைத்தார். "காலேஜே கூப்ட்டா அனுப்பறேன். இல்லன்னா பிளஸ் டூ முடிச்சிட்டு அவ அத்தை போற எறா கம்பெனிக்குப் போவட்டும். நான் வார்த்தை மாற மாட்டேன்." அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறால் உரித்து உரித்து அத்தையின் விரல்கள் வெந்து தோலுரிந்திருப்பதை எனக்குக் காட்டியவள் அவள்தான். என்னைப் போல விளையாட்டு டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு அப்படித் தோன்றியிருக்கிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை.

அவள் பிளஸ் டூ வந்த வருடம்தான் அந்தப் பொன்னாடை விவகாரம் நடந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் விழா என்றால் பொன்னாடைதான் விழா. யாருக்கு முதலில், யார் போடுவது, ஜரிகை எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் எல்லோரும் கவனிப்பார்கள். வெளியே கவனிக்காதது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். மாவட்டப் போட்டியின் பரிசளிப்பு விழா சிதம்பரத்தில், குளத்துக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டு நடந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு தமிழாசிரியர் வந்து தொகுத்து வழங்கினார். சிறப்பு விருந்தினர் தனியாக வருவார் என்று பார்த்தால் ஒரு வேன் ஆட்களோடு வந்தார். அத்தனை பேரையும் மேடையில் ஏற்றி அத்தனை பேருக்கும் பொன்னாடை போட்டார்கள். விருந்து வைக்கிற வீட்டுக்காரர் கடைசியில் சாப்பிடுவது போல, தலைவர் தன் பெயரைக் கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தார். அவர் முறை வந்தபோது பொன்னாடைப் பெட்டி காலி.

தமிழாசிரியர் சமயோசித புத்திக்காரர். பரிசு மேஜையில் நீச்சல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த டர்க்கி டவல் ஒன்றை எடுத்து, உதறி, தலைவரின் தோளில் போட்டார். நீல நிற டவல், நடுவில் ஒரு வாத்து. "நீச்சல் சங்கத் தலைவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆடை உண்டா?" என்று மைக்கில் கேட்டார். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. துணைத் தலைவர் மைக்கை வாங்கி, "மச்சான், அப்படியே குளிக்கப் போயிடு!" என்றார். பந்தலே அதிர்ந்தது.

கெடிலம் காலத்திலிருந்து அவர் அப்படித்தான் பேசுவார், இவரும் பதிலுக்குப் பேசுவார். ஆனால் அன்றைக்கு முதல் வரிசையில் தலைவரின் மகளுக்குப் புதிதாக நிச்சயமாகியிருந்த சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். என் மரியாதையைப் பாருங்கள் என்று அவர்தான் அழைத்து வந்திருந்தார். அவர்களும் சிரித்தார்கள். தலைவர் விழா முடியும்வரை அந்த டவலோடு மேடையில் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு அதை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் கார் ஏறிவிட்டார். கை நனைக்காமல் போனதைப் பார்த்தபோதே இது இதோடு முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து மச்சான் போய் அந்தாளு வந்துவிட்டது. "அந்தாளு வந்து ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லட்டும் டீச்சர்" என்றார் தலைவர். "தமாஷ் பண்ணதுக்கு நான் எதுக்கு வருத்தப்படணும்? சாப்பிடாம போனவருதான் சொல்லணும்" என்றார் துணைத் தலைவர். துணிக்கடை மாடியில், வேட்டிக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பொதுக்குழு கூடித் துணைத் தலைவரை நீக்கியது. அடுத்த வாரம் பள்ளிக்கூட நூலகத்தில் இன்னொரு பொதுக்குழு கூடித் தலைவரை நீக்கியது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு நீச்சல் சங்கம், இரண்டு தலைவர். இரண்டு செயற்குழுவிலும் என் பெயர் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரு பெண் வேண்டுமே. நான் ராஜினாமா செய்கிறேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன், இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடலூர்ப் பிள்ளைகள் யாரும் இனி குளத்தில் இறங்கக் கூடாது என்று சிதம்பரத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன். "அவ தங்கமான பொண்ணு. நம்ம சங்கத்துல சேந்துட்டு வரட்டும்" என்றார் சிதம்பரத்துக்காரர். அதைக் கேள்விப்பட்ட கடலூர்க்காரர், "அங்க போனா அவளை நம்ம சங்கத்துல இருந்து எடுத்துடுவேன்" என்றார். எந்தச் சங்கத்தை மாநிலம் ஒப்புக்கொள்ளும் என்று தெரியாமல் அவளை எதில் சேர்ப்பது? அவள் கடலிலேயே பயிற்சி எடுத்தாள். காலையில் அவள் அப்பா படகை மெதுவாக ஓட்டுவார், பக்கத்தில் இவள் நீந்துவாள். கரையில் நின்று பார்ப்பேன். கடலில் தொட்டுத் திரும்பச் சுவர் இல்லை, தூரம் இல்லை. வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல வழியில்லை. "என் டைம் இப்ப என்னா இருக்கும் மிஸ்?" என்று தினமும் கேட்பாள். நல்லாத்தான் இருக்கும் என்பேன். வேறு என்ன சொல்ல?

மாநிலச் சங்கம் ஒரு வழி சொன்னது. மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்குள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே ஃபோனில் பேசி, இதுதான் எங்கள் மாவட்ட அணி என்று சொல்ல வேண்டும். சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இந்த வருடம் எங்கள் மாவட்டத்திலிருந்து யாரும் கிடையாது.

நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அலைந்தேன். அவர் கடைக்கு இவர் வர மாட்டார், இவர் பள்ளிக்கு அவர் வர மாட்டார். கடைசியில் பாதி வழியில் சந்திப்பது என்று முடிவாயிற்று. புதுச்சத்திரத்தில் ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைசி நாள் மதியம் நானும் அந்தப் பெண்ணும் முன்னதாகவே பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டோம். அவளைப் பார்த்தால் அவர்கள் மனசு இளகும் என்று நான்தான் வரச் சொன்னேன். பள்ளிச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

முதலில் கடலூர்க்காரர் ஃபோன் செய்தார். "அந்தாளு வந்துட்டாரா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"வரட்டும். நான் ஆலப்பாக்கத்துலதான் கார்ல உக்காந்திருக்கேன். வந்தாருன்னா கூப்பிடுங்க, ரெண்டே நிமிசம்."

அடுத்து சிதம்பரத்துக்காரர். "அவுரு வந்தாச்சா?" இல்லை என்றேன். "நான் முட்லூர்ல நிக்கறேன். மொதல்ல வந்து உக்காந்து அந்தாளுக்காகக் காத்துக் கெடக்கணுமா? அதுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க."

இரண்டு காரும் எங்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றன. யார் முதலில் வந்து காத்திருப்பது என்பதுதான் பிரச்சினை. பொய் சொல்லிப் பார்த்தேன். கடலூர்க்காரரிடம் அவர் வந்துவிட்டார் என்றேன். "அப்ப ஃபோனை அவருகிட்ட குடுங்க" என்றார். கை கழுவப் போயிருக்கிறார் என்றேன். "எனக்குத் தெரியும் டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பெண் என்னிடமிருந்து ஃபோனை வாங்கினாள். இருவரையும் தானே கூப்பிட்டாள். "சார், வாங்க சார். எனக்காக சார்." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் அவளிடம் கோபப்படவே இல்லை. "உனக்காக உசுரையே குடுப்பேம்மா. அவரை மொதல்ல வரச் சொல்லு" என்றார் ஒருவர். மற்றவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதையேதான். உயிரைக் கொடுப்பார்களாம், ஆலப்பாக்கத்தையும் முட்லூரையும் தாண்டி மட்டும் வர மாட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீ கிளாஸை ரோட்டில் எறிந்திருப்பேன். எறியவில்லை. கடைக்காரர், "யாருக்கும்மா இவ்ளோ நேரமா வெயிட் பண்றீங்க?" என்று கேட்டார். இன்னும் இரண்டு டீ சொன்னேன்.

"மிஸ், நான் வேணா பஸ் ஏறிப் போயி ரெண்டு பேரு காலுலயும் வுழட்டுமா?" என்று கேட்டாள் அவள். வேண்டாம் என்றேன். பெயர் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சென்னையிலிருந்து தகவல் வந்தபோது இரண்டு கார்களும் அங்கேயேதான் நின்றிருந்தன என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். கடலூர் வரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

இருந்தும் போட்டி நாளன்று அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தெரியவில்லை என்றேன். அங்கே தொப்பி போட்ட ஒரு பெண் அதிகாரியைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். டவலையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. "பேரைச் சேக்க முடியாது மேடம். நூறு மீட்டர்ல ஓரத்து லேன் ஒண்ணு காலியா இருக்கு. ஆசைக்கு நீந்திட்டுப் போகட்டும். ரிசல்ட்ல வராது, டைமும் எடுக்க மாட்டோம்" என்றார்.

இந்த அவமானம் வேண்டாம், ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளோ உடனே சரி என்றாள். "காலேஜு போனா போவுது மிஸ். அம்பது மீட்டர் குளத்துல நான் நீந்தினதே இல்ல. என் டைம் என்னான்னு ஒரு தடவ தெரிஞ்சா போதும். எடுத்துச் சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். ஆசிரியை வேலையில் இத்தனை வருடங்களில் நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குகளிலேயே சுலபமானது அதுதான்.

குளத்தோரம் என்னை விடவில்லை. மேலே கேலரியில் உட்கார்ந்து ஃபோனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டேன். விசில் அடித்தது. எட்டு பேர் குதித்தார்கள், ஏழு பேருக்குப் பின்னால் ஆட்கள் கையில் வாட்சோடு நின்றார்கள். நான் அழுத்திவிட்டேன். அவள் கை எப்படி விழுந்தது தெரியுமா? ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை. திரும்பும்போது கொஞ்சம் தடுமாறினாள், மாதக்கணக்கில் சுவரையே பார்க்காத பெண் அல்லவா. ஆனாலும் திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்துக்குள் மறுபடி பிடித்துவிட்டாள். முன்னால் போகிற இரண்டு பேருக்குச் சமமாக வந்துகொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்தில் யாரென்று தெரியாத ஓர் அம்மாவும் சேர்ந்து கத்தினார்.

அப்போது ஃபோன் அடித்தது. பழைய ஃபோன், அழைப்பு வந்தால் திரை முழுக்க அதுதான். சிதம்பரத்துக்காரர். நான் அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போனதைக் கேள்விப்பட்டு, யார் சார்பில் போனேன் என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரியும். வெட்டினேன். வெட்டிய கையோடு மறுபடி அடித்தது. கடலூர்க்காரர். அவரையும் வெட்டப் போனால் அதற்குள் சிதம்பரம் வெயிட்டிங்கில் வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காத்திராமல் ஒரே நேரத்தில் வந்தார்கள். எதை அழுத்தினேனோ, "ஹலோ, ஹலோ டீச்சர்" என்று யாரோ பேசுவது கேட்டது.

நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் சுவரைத் தொட்டிருந்தார்கள். அவள் ஓரத்து லேனில் கயிற்றின்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேலரியில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. மற்ற லேன்களில் ஆட்கள் குனிந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளவள் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் ஈரக் கையை உயர்த்தி, விரல்களை விரித்து, எவ்வளவு என்று கேட்டாள். நான் ஸ்டாப்வாட்சைத் தேடித் திறந்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.